‘மரபு’ உருவான வரலாறு: சீன மருத்துவமும் அக்குபங்சர் சிகிச்சையும் பற்றிச் சில குறிப்புகள்

அக்குபங்சர் பற்றி எழுதப்படும் கட்டுரைகளிலே பெரும்பாலும் தவறாது இடம்பெறும் கதையொன்றுண்டு. 1971ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே சீனா சென்றிருந்த ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்ரன் பீஜிங்கிலே குடல்வால் அழற்சிக்கு ஆளானார் என்றும், மயக்கமருந்து ஏதுமின்றி ஊசிகளை மாத்திரம் கொண்டு அவருக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டதென்றும் அக்கதை கூறும். ரெஸ்ரன் தாமே 1971 ஜூலை 26ஆம் திகதி எழுதிய கட்டுரை கூறுவது வேறு. அவருடைய சத்திரசிகிச்சை, மேலைநாட்டு முறைப்படி, உணர்வகற்றும் மருந்து ஊசி மூலம் செலுத்தப்பட்ட பின்னரே நடைபெற்றது. அக்குபங்சர் பின்னரே வருகின்றது. சத்திரசிகிச்சைக்குப் பிந்திய வயிற்று உப்புசத்தினால் அவர் அல்லலுற்றபோது, வைத்தியசாலையைச் சேர்ந்த அக்குபங்சர் வைத்தியர் ஒருவர் அவரின் வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழும் ஊசிகளை ஏற்றி, வயிற்றருகே ஒருவகை மூலிகையைப் புகைத்துக் காட்டினார். ஏறத்தாழ இருபது நிமிட நேரத்துச் சிகிச்சை. ஒரு மணி நேரத்துக்குள் உப்புசம் தணிந்தது என்று ரெஸ்ரன் எழுதினார்.

அன்று அவ்வைத்தியசாலைக்கு ‘ஏகாதிபத்திய எதிர்ப்பு வைத்தியசாலை’ என்று பெயர். அதனைக் கட்டியெழுப்பியதோ அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம். ரெஸ்ரன் படுக்கையிற் கிடந்த அந்நாட்களிலேதான் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் சீனாவுக்கு வரவிருக்கும் செய்தி உலகெங்கும் பரவியிருந்தது. உப்புசம் தணிந்த ஒரு சிறு சம்பவம் சில மாதங்களுள் மயக்கமின்றி வயிற்றைக் கிழித்த அற்புதமாக வளர்ந்தமைக்கு இச்சூழலே காரணம். அற்புதத்தை எதிர்பார்த்து நின்ற ஓர் உலகத்துக்கு அற்புதம் கிடைத்தது.

சீன மருத்துவத்தை நாடிச் செல்லும் நோயாளர் அதனிடமிருந்து எதனை எதிர்பார்க்கலாம் என்னும் வினா அடிக்கடி எழுப்பப்படுகின்றது. அதற்கு முன்பாக எழுப்பப்பட வேண்டிய வினா ஒன்றுண்டு. இன்று அவர் கொண்டு செல்லும் எதிர்பார்ப்பு எங்கே, எவரால், எத்தேவை கருதி உருவாக்கப்பட்டது? ‘இரண்டாயிரம் ஆண்டு மாறாத மரபு’ என்று அவருக்குக் கூறப்படுகின்றது. அவர் பெறும் சிகிச்சையின் வடிவமோ பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டிலே, இன்னும் குறிப்பாகச் சொன்னால் 1930க்கும் 1960க்கும் இடையிலே, திட்டமிட்டு அமைக்கப்பட்டது. இதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். அமைக்கப்பட்டது என்பதனால் அது போலி என்று கொள்ளல் தவறு. எனினும் பழமையைச் சான்றாகக் காட்டும் வாதத்தின் வலிமை இதனால் வெகுவாகக் குறைகின்றது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். சீனமொழியில் இம்மருத்துவத்துக்கு வழங்கும் பெயர் ‘சோங்யி’. சீன மருத்துவம் என்பதே அதன் பொருள். ‘மரபு’ என்ற அடைமொழி அதிலே இல்லை. 1950களின் நடுப்பகுதியிலே வெளிநாட்டு வாசகர்க்கென ஆங்கிலத்தில் வெளியிடப்பட்ட சீன அரசின் பிரசுரங்களிலேதான் அவ்வடைமொழி நிலைபெற்றது. ‘சீன மருத்துவம்’ என்ற வழக்குங்கூட மேலைநாட்டு மருத்துவம் புகுந்தபின் அதனின்றும் வேறுபடுத்திக் கூறும் தேவையினாலேயே வலுப்பெற்றது. எதிரே மற்றொன்று நிற்கும்வரை தன்னை நாட்டின் பெயரால் அழைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் ஒரு மருத்துவத்துக்கு ஏற்படுவதில்லை.

இனிப் பழமையை நோக்குவோம். 1973ஆம் ஆண்டிலே ஹுனான் மாகாணத்தின் சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துய் என்னுமிடத்தில் கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையொன்று அகழப்பட்டபோது, பட்டுத்துணியில் எழுதப்பட்ட மருத்துவ நூல்கள் பல கிடைத்தன. உடலில் ஓடும் நாளங்கள் பற்றி அவை பேசுகின்றன. பிற்காலத்திலே அந்நாளங்கள் பன்னிரண்டு என வகுக்கப்பட்டன. இங்கே பதினொன்றே உள்ளன. அவற்றுக்குரிய சிகிச்சையாகக் கூறப்படுவது மூலிகை கொண்டு சுடுதல். ஊசி குத்துதல் அங்கே இல்லை. அதற்கு ஐந்தாண்டுகள் முன், 1968இல், மன்செங் என்னுமிடத்திலே அகழப்பட்ட கி.மு. 113ஆம் ஆண்டளவினதான இளவரசர் கல்லறையில் மருத்துவ ஊசிகள் எனக் கருதப்படும் பொன், வெள்ளி ஊசிகள் கிடைத்தமை உண்மையே. கி.மு. இரண்டாம், முதலாம் நூற்றாண்டுகளைச் சார்ந்து தொகுக்கப்பட்டதாகக் கொள்ளப்படும் ‘மஞ்சட் பேரரசரின் உள்நூல்’ ஊசிச் சிகிச்சையை விரிவாகவே பேசுகின்றது. எனினும் அந்நூலில் வரும் ஒன்பது வகை ஊசிகளைக் கூர்ந்து நோக்கினால், அவற்றுட் சில இன்றைய நோயாளர் கண்டால் எழுந்து ஓடக்கூடியவை. வாள் வடிவினதான ஒன்று சீழ்க்கட்டியைக் கீறுவதற்கு உரியது; வேறு சில இரத்தம் வடிப்பதற்கு உரியவை. கட்டி கீறுதலும் குருதி வாங்கலும் நுண்ணூசி ஏற்றுதலும் அங்கே ஒரு தொழிலின் பகுதிகளாகவே இருந்தன.

மேலும், சீன மருத்துவம் எக்காலத்தும் ஒன்றாக இருந்ததில்லை. நூற்புலமை பெற்ற உயர்குடி வைத்தியன் நாடி பார்த்து மருந்துச்சீட்டு எழுதினான். ஊர் ஊராகச் சென்று மணியடித்து நோயாளரை அழைத்த நாடோடி வைத்தியன் ஊசி குத்தினான், பல் பிடுங்கினான், புண்ணைச் சுட்டான். கோயிற் பூசகன் மந்திரம் ஓதினான். யுவான், மிங் வமிசத்தினரின் காலத்திலே அரச மருத்துவத் துறைகள் பதின்மூன்றனுள் மந்திரமோதிக் குணப்படுத்தலும் ஒன்றாக இருந்தமை இங்கு கருதத்தக்கது. கையால் உடலைத் தொட்டுச் செய்யும் தொழில் இழிந்ததென்றும், ஏடு பார்த்து மருந்து எழுதும் தொழில் உயர்ந்ததென்றும் கொண்ட நிலமானியச் சமூக மனோபாவம் காலப்போக்கிலே அக்குபங்சரைப் பாதித்தது. 11ஆம் நூற்றாண்டிலே அதன் நிலை வேறு. சோங் அரசவை வைத்தியரான வாங் வெய்யி 1027ஆம் ஆண்டிலே ஊசிப்புள்ளிகளைக் காட்டும் இரு வெண்கல மனித உருவங்களைச் செய்வித்தார். மாணவரைச் சோதிப்பதற்காக அவ்வுருவத்தின் மீது மெழுகு பூசி உள்ளே நீர் நிரப்பிவைப்பர். சரியான புள்ளியிலே ஊசி இறங்கினால் நீர் கசியும் என்பது மரபுச் செய்தி. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலோ சூ தாச்சுன் என்னும் அறிஞர், அக்குபங்சர் கலை அழிந்துவிட்டதென வருந்தி எழுதுகின்றார். 1822இல் தாவோகுவாங் பேரரசர், ஊசியும் நெருப்பும் அரசர் மேனிக்குத் தகாதவை என்று கூறி அரச மருத்துவக் கழகத்திலிருந்து அத்துறையையே நீக்கினார். இடையறாது வந்த மரபு என்று கூறுவோர் இவ்வாண்டைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை.

ஐரோப்பியர் இதனை அறிந்துகொண்ட முறையும் கவனத்துக்குரியது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியர் வில்லெம் தென் றைனே 1670களிலே ஜப்பானின் நாகசாக்கித் துறைமுகத்திற் பணியாற்றியபோது இச்சிகிச்சையைக் கண்டார். 1683இல் இலண்டனில் வெளியான அவரது நூலிலேயே ‘அக்குபங்சர்’ என்ற இலத்தீன் ஆக்கம் முதன்முதலாக வழங்கியது. எனவே நாம் பயன்படுத்தும் சொல் சீனச் சொல்லன்று. ‘சக்தி ஓட்டம்’ என்று இன்று எல்லோரும் கூறும் விளக்கமும் அத்தகையதே. சீனர் ‘சி’ என வழங்கும் சொல்லுக்கு ஆவி, மூச்சு, நீராவி என்று சூழலுக்கேற்பப் பல பொருள் உண்டு. அதனைச் ‘சக்தி’ என்றும், நாளங்களைப் பூகோளப் படத்திலுள்ள நெடுங்கோடுகளின் பெயரால் ‘மெரிடியன்’ என்றும் மொழிபெயர்த்துப் பரப்பியவர், சீனாவில் இராசதந்திரப் பணி புரிந்து மீண்ட சூலியே த மொறான் என்னும் பிரெஞ்சுக்காரர், காலம் 1930கள். மின்சாரமும் வானொலியும் பரவிய ஒரு யுகத்தின் ஐரோப்பிய வாசகனுக்குச் சக்தி என்ற சொல் எளிதில் விளங்கியிருக்கும். கீழைத்தேயத்தின் ஆதி ஞானம் என்று நாம் பெற்றுக்கொண்டவற்றுட் சில, பாரிசு வழியாக வந்து சேர்ந்தவை.

நவீன சீனத்திலே பழைய மருத்துவம் பெரும் நெருக்கடியைச் சந்தித்தது. 1910-11 குளிர்காலத்தில் மஞ்சூரியாவிலே பரவிய நுரையீரற் கொள்ளைநோய் ஏறத்தாழ 60,000 உயிர்களைப் பலிகொண்டது. பினாங்கிலே பிறந்து கேம்பிரிட்ஜிலே பயின்ற வூ லியென்-தே முகக்கவசம், தனிமைப்படுத்தல், பிணங்களை எரித்தல் ஆகியவற்றால் அதனைக் கட்டுப்படுத்தினார். பழைய முறை வைத்தியர் பலர் நோயாளரோடு தாமும் மாண்டனர். தொற்றுநோயைக் கட்டுப்படுத்தவேண்டிய அரசுக்கு எம்மருத்துவம் பயன்படும் என்ற வினாவுக்கு அக்குளிர்காலம் விடையளித்தது. சிந்தனைத் தளத்திலும் தாக்குதல் கடுமையாக இருந்தது. நம்மவர் நன்கறிந்த லூ சுன், தந்தையின் நோய்க்கு வைத்தியர் கேட்ட விசித்திரமான துணைப்பொருள்களைத் தேடி அலைந்ததையும், அடகுக் கடைக்கும் மருந்துக் கடைக்குமாக நடந்து சிறுபராயம் கழிந்ததையும் எழுதியுள்ளார். தந்தை 1896இல் இறந்தார். அவர் மேலைநாட்டு மருத்துவம் கற்க ஜப்பான் சென்றதற்கும், 1919இல் ‘மருந்து’ என்னும் சிறுகதையை எழுதியதற்கும் இவ்வனுபவம் பின்னணியாகும். மே நான்காம் இயக்கத்துத் தலைமுறைக்குப் பழைய மருத்துவம் பழைய சமுதாயத்தின் ஓர் உறுப்பாகவே தோன்றியது.

1929 பெப்ரவரியில் நாஞ்ஜிங் அரசின் மத்திய சுகாதாரக் குழு, ஜப்பானிலே மருத்துவம் பயின்ற யூ யென் முன்வைத்த தீர்மானத்தை ஏற்றுப் பழைய மருத்துவத்தைப் படிப்படியாக ஒழிக்க முடிவு செய்தது. அதுவரை ஒருவரையொருவர் ஏசிக்கொண்டும் குடும்ப இரகசியங்களை மறைத்துக்கொண்டும் இருந்த வைத்தியர்கள், மார்ச் 17ஆம் திகதி ஷங்காயிலே பல மாகாணங்களிலிருந்தும் வந்து கூடினர். மருந்து வணிகரும் உடனிருந்தனர். தேசிய உணர்வே அவர்களின் ஆயுதமாயிற்று: அந்நிய மருந்தின் இறக்குமதிக்கு நாடு அடிமையாவதா என்று கேட்டனர். தீர்மானம் கிடப்பிலே போடப்பட்டது. ஆயினும் அவர்கள் பெற்ற வெற்றியினும் அதற்குக் கொடுத்த விலையே வரலாற்று முக்கியத்துவமுடையது. அரசின் அங்கீகாரத்தை வேண்டி நின்ற மருத்துவம், அரசு புரிந்துகொள்ளும் வடிவத்தை ஏற்கவேண்டியதாயிற்று. பள்ளி, பாடத்திட்டம், பரீட்சை, சஞ்சிகை, சங்கம் ஆகிய யாவும் பின்தொடர்ந்தன. இவ்வாறு உருமாறிய மருத்துவத்தை எதிரிகள் ‘கழுதையுமன்று, குதிரையுமன்று’ என எள்ளி நகையாடினர். கோவேறு கழுதை நன்றாகச் சுமை சுமக்கும் என்பதை அவர்கள் மறந்தனர் போலும்.

இக்கால கட்டத்திலேதான் இன்றைய அக்குபங்சர் பிறக்கின்றது. அதன் தந்தை எனத்தக்கவர் ஜியாங்சு மாகாணத்தவரான செங் தான்-ஆன். 1931இல் வெளிவந்த தம் நூலிலே அவர் ஊசிப்புள்ளிகளை மேலைநாட்டு உடற்கூற்றியலின்படி மறுபடியும் வரையறுத்தார். பழைய புள்ளிகள் பல இரத்தக் குழாய்கள் மீதே அமைந்திருந்தன. குருதி வாங்கலுக்கு உரிய இடங்கள் அப்படித்தானே இருக்கும். செங் அவற்றைக் குழாய்களினின்றும் விலக்கி நரம்புகளை ஒட்டி அமைத்தார். 1930களின் நடுப்பகுதியிலே ஜப்பான் சென்று அங்குள்ள பள்ளிகளைக் கண்டு திரும்பினார். மெல்லிய ஊசி, கிருமிநீக்கம், உடற்கூற்றுப் படம், அஞ்சல்வழிக் கல்வி என்பனவெல்லாம் இச்சீர்திருத்தத்தின் பயன்களாம். தெருவோரத் தொழிலாயிருந்த ஒன்று வெள்ளை அங்கி அணிந்தது.

யெனானிலே வேறொரு பாதை திறந்தது. 1944 ஒக்ரோபரிலே மாஓ சேதுங் ஆற்றிய உரையில், 15 இலட்சம் மக்கள் வாழும் எல்லைப் பிரதேசத்திலே பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் எழுத்தறியாதவர் என்றும் மந்திரவாதிகள் 2000 பேர் உளர் என்றும் கூறி, புதிய வைத்தியர் பழைய வைத்தியரோடு ஐக்கிய முன்னணி அமைத்து அவர்களைச் சீர்திருத்த வேண்டுமென்றார். கவனிக்க: பழைய மருத்துவத்தைப் போற்றும் குரலன்று இது. முற்றுகையிடப்பட்ட, மருந்தற்ற ஒரு பிரதேசத்தின் நடைமுறைத் தேவையே இங்கு பேசுகின்றது. மேலைநாட்டு மருத்துவம் பயின்ற சூ லியென் என்னும் பெண் வைத்தியர் யெனானிலே ஊசிச் சிகிச்சையைக் கற்று, 1951இல் ‘புதிய அக்குபங்சர்’ என்னும் நூலை வெளியிட்டார். அந்நூலிலே விளக்கமெல்லாம் நரம்பு மண்டலம் சார்ந்ததே. ‘சி’யும் ஐம்பூதமும் பின்தள்ளப்பட்டன. பவ்லவின் செல்வாக்கு மேலோங்கிய காலம் அது.

இங்கே ஒரு திருப்பம் நிகழ்கின்றது. 1949இல் ஏறத்தாழ 54 கோடி மக்களுக்கு மேலைநாட்டு முறை வைத்தியர் சில பத்தாயிரவரே இருந்தனர். பழைய முறை வைத்தியரோ சில இலட்சத்தவர். முதலிற் பின்பற்றப்பட்ட கொள்கை, இவ்வைத்தியர்க்கு மறுபயிற்சி அளித்து நவீன மருத்துவத்துட் கரைப்பதாகவே இருந்தது. 1953-55இல் அக்கொள்கைக்குப் பொறுப்பான சுகாதாரத் துணையமைச்சர்கள் ஹோ செங், வாங் பின் ஆகியோர் வன்மையாகக் கண்டிக்கப்பட்டுப் பதவியிழந்தனர். இனி மேலைநாட்டு முறை வைத்தியரே சீன மருத்துவத்தைக் கற்கவேண்டும் என விதிக்கப்பட்டது. 1955 டிசெம்பரிலே பீஜிங்கில் சீன மருத்துவ ஆய்வுக்கழகமும், 1956இல் பீஜிங், ஷங்காய், குவாங்சோ, செங்து ஆகிய நகர்களில் நான்கு கல்லூரிகளும் நிறுவப்பட்டன. 1958 ஒக்ரோபரிலே சீன மருத்துவம் ஒரு பெரும் புதையல் என மாஓ குறிப்பெழுதினார்.

கல்லூரி என்றால் பாடநூல் வேண்டும். பாடநூல் என்றால் ஒருமை வேண்டும். ஒன்றோடொன்று முரண்பட்ட நூற்றுக்கணக்கான ஏடுகளும் குருகுலங்களும் ஒரு பாடத்திட்டத்துள் அடக்கப்பட்டன. 1958இல் நாஞ்ஜிங்கிலிருந்து ‘சீன மருத்துவப் பொதுவியல்’ என்னும் நூல் வெளிவந்தது. நோயின் பெயரைக் கொண்டன்றி நோய்க்கோலத்தைப் பிரித்தறிந்து சிகிச்சை செய்தல் என்ற கோட்பாடு சீன மருத்துவத்தின் உயிர்நாடியாக உயர்த்தப்பட்டது இப்பதின்மத்திலேதான். அதற்குரிய சொற்கள் பழைய நூல்களிற் சிதறிக் கிடந்தமை உண்மை. அது மையக் கோட்பாடானது புதிது. மந்திரம் நீக்கப்பட்டது, பேய்பிசாசுகள் வெளியேற்றப்பட்டன, யின்-யாங் தத்துவம் இயங்கியலின் முன்னோடியாகப் பொருள்கொள்ளப்பட்டது. மாஓவின் வைத்தியராயிருந்த லீ சிசுய் 1994இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பிலே, மாஓ தாம் சீன மருத்துவத்தை உண்பதில்லை என்று கூறியதாக எழுதுகின்றார். அந்நூலின் நம்பகத்தன்மை பற்றி விவாதம் உண்டாகையால் அதன்மீது அதிகம் கட்டியெழுப்புதல் தகாது. கொள்கையின் காரணத்தை விளக்க அது தேவையுமில்லை. வைத்தியர் தொகையும் மக்கள் தொகையும் போதுமான விளக்கம் தருகின்றன.

‘வெறுங்கால் வைத்தியர்’ இயக்கம் பற்றி 1970களில் முற்போக்காளர் பலரும் ஆர்வத்துடன் பேசினர். 1965 ஜூன் 26இல் மாஓ நகர்ப்புறச் சார்பான சுகாதார அமைச்சைச் சாடியதிலிருந்து வளர்ந்து, 1968இல் நாடெங்கும் பரவி, 1985இல் பெயரளவிலும் கைவிடப்பட்ட இயக்கம் அது. ஓர் ஊசியும் கைப்பிடி மூலிகையும் அதன் சின்னங்களாயின. ஆயினும் பாங் சியாவோபிங் 2012இல் வெளியிட்ட ஆய்வு, கிராமத்து மக்களிடையே அவ்வியக்கம் பரப்பியது பெரும்பாலும் மேலைநாட்டு மருந்துகளையே எனக் காட்டியுள்ளது. தடுப்பூசி, கிருமிகொல்லி மாத்திரை, சுத்தமான நீர், மருத்துவிச்சிக்குப் பயிற்சி ஆகியன உயிர்களைக் காத்தன. அதன் பெருமை அதனாற் குறைவதன்று. ஆனால் நாம் அன்று பாராட்டியது ஊசியை. பணி செய்தது வேறு.

இனி, இன்று ஒரு சீன மருத்துவ நிலையத்தினுள் நுழையும் நோயாளரின் அனுபவத்தை இவ்வரலாற்றோடு வைத்து நோக்கலாம். வைத்தியர் முதலில் நெடுநேரம் கேட்பார்: உறக்கம், பசி, வியர்வை, மலம், தாகம், மாதவிடாய், குளிர் தாங்குமா வெப்பம் தாங்குமா. நாவை நீட்டச் சொல்லி அதன் நிறத்தையும் படிவையும் பார்ப்பார். இரு மணிக்கட்டிலும் மூன்று விரல்களை வைத்து நாடி பிடிப்பார். சித்த வைத்தியரிடம் கைநீட்டிய பழக்கமுள்ள நம்மவர்க்கு இது புதிதன்று. பின்னர் ‘ஈரல் ஆவி தேக்கம்’, ‘மண்ணீரற் குறைவு’ என ஏதேனும் கூறுவார். இதனைக் கேட்டு ஈரல் பழுதென அஞ்சவேண்டியதில்லை. அங்கே ஈரல் என்பது உறுப்பின் பெயரைச் சுமந்த ஒரு தொழிற்பாட்டுத் தொகுதி. இரத்தப் பரிசோதனையிலே காணப்படுவதன்று. இதே காரணத்தால், உண்மையான ஈரல் நோயை இவ்வழியே கண்டுபிடித்துவிட முடியும் என்று எதிர்பார்த்தலும் ஆகாது.

ஊசிகள் மயிரிழையிலும் சற்றே தடித்தவை. பெரும்பாலும் கால் மில்லிமீற்றர் அளவின. ஏற்றும்போது நுளம்புக் கடி போன்ற குத்து. பின்னர் புளிப்பு, மரமரப்பு, பாரம், உப்புதல் எனச் சீனர் விவரிக்கும் உணர்வு தோன்றும்; அதனை ‘சி’ வந்து சேர்ந்ததன் அறிகுறியாகக் கொள்வர். இருபது அல்லது முப்பது நிமிடம் அசையாது கிடத்தல் வேண்டும். சிலர் உறங்கிவிடுவர், சிலர்க்குத் தலைசுற்றும். மாசிபத்திரி இனத்து இலையின் பஞ்சினைக் கொளுத்திப் புள்ளியருகே சூடு காட்டுவதும், கண்ணாடிக் கிண்ணங்களை முதுகிலே ஒட்டவைத்து உறிஞ்சச் செய்வதும் உண்டு. கிண்ணம் விட்ட செந்தடம் சில நாள் நிற்கும். வாரம் ஒருமுறையோ இருமுறையோ ஆறு, எட்டு, பத்துத் தடவை வருமாறு கூறுவர். ஒரே தடவையில் நாட்பட்ட நோய் தீருமென எவரும் உறுதி கூறினால் அங்கிருந்து வெளியேறுவதே நன்று.

பயன் யாது? 2007இல் வெளியான ஜேர்மன் ஆய்வொன்று இவ்விடயத்திலே பெரிதும் பேசப்பட்டது. நாட்பட்ட இடுப்புவலியுடைய 1162 நோயாளர் மூன்று பிரிவாக்கப்பட்டனர். முறைப்படி ஊசி ஏற்றப்பட்டவருள் 47.6 சதவீதத்தினர் ஆறு மாதங்களின் பின் குறிப்பிடத்தக்க நலம் பெற்றனர். புள்ளிகளல்லாத இடங்களிலே மேலோட்டமாகப் பொய்யூசி ஏற்றப்பட்டவருள் 44.2 சதவீதத்தினர். மாத்திரை, உடற்பயிற்சி முதலிய வழக்கமான சிகிச்சை பெற்றவருள் 27.4 சதவீதத்தினரே. இவ்வெண்களை இரு கட்சியாரும் தத்தமக்குச் சாதகமாக எடுத்தாள்வர். எமது கருத்திலே இவை இரண்டு உண்மைகளைக் கூறுகின்றன. சிகிச்சை பெற்ற நோயாளர் நலமடைந்தனர். ஆனால் ஊசி எங்கே குத்தப்பட்டது என்பது பெரிதாகப் பொருட்படவில்லை. ‘உள்நூல்’ ஆண்டின் நாட்களுக்கு ஒப்ப 365 புள்ளிகள் உளவென்றது. 2008இல் உலக சுகாதார நிறுவனம் 361 புள்ளிகளுக்கு இடம் வரையறுத்தது. அப்புள்ளிகளின் தனித்துவமே ஐயத்துக்குரியதாகின்றது. 2012இல் ஏறத்தாழ 18,000 நோயாளரின் தரவுகளை ஒருங்கே ஆராய்ந்த ஆய்வு, நாட்பட்ட வலியிலே உண்மையூசி பொய்யூசியைவிடச் சற்றே மேம்பட்டதெனக் கண்டது, வேறுபாடு சிறிது. பிரித்தானியாவின் தேசிய வழிகாட்டுக் குழு இடுப்புவலிக்கு 2009இல் இதனைப் பரிந்துரைத்தது; 2016இல் நீக்கியது; 2021இல் காரணமறியா நாட்பட்ட வலிக்கு மீண்டும் ஏற்றது. தலைவலி, முழங்கால் வலி, சத்திரசிகிச்சைக்குப் பிந்திய குமட்டல் ஆகியவற்றிலும் ஓரளவு பயனுண்டு. புற்றுநோய், நீரிழிவு, தொற்றுநோய் ஆகியவற்றை ஊசி குணமாக்கும் என்பதற்கு ஆதாரமில்லை.

அக்குபங்சர் மூலம் உணர்வகற்றிச் சத்திரசிகிச்சை செய்தல் பற்றியும் ஒரு சொல். 1958இல் ஷங்காயிலே தொண்டைச்சதை நீக்கத்துடன் தொடங்கி, 1971இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டு, 1972இல் அன்ரோனியோனியின் திரைப்படத்திலே மகப்பேற்றுச் சத்திரசிகிச்சையாகக் காட்சி தந்தது இது. நோயாளர் தெரிந்தெடுக்கப்பட்டனர், அமைதியூட்டும் மருந்தும் அவ்விடத்து உணர்வகற்றும் மருந்தும் உடன் வழங்கப்பட்டன என்பன பின்னர் தெளிவாயின. கலாசாரப் புரட்சியின் பின் சீனாவிலேயே அதன் வழக்கு அருகியது. எனினும் அதனைத் துலக்கும் முயற்சி வீணாகவில்லை. பீஜிங்கின் ஹான் ஜிஷெங் முதலியோர் 1965 முதல் நடத்திய ஆய்வுகளும், 1970களின் பிற்பகுதியில் மேலைநாடுகளில் நடந்த ஆய்வுகளும் ஊசித் தூண்டலால் மூளையிலே வலியடக்கும் சுரப்புகள் வெளிப்படுவதைக் காட்டின.

தீங்கு அரிது, இல்லையென்பதன்று. மார்பிலே ஆழக் குத்திய ஊசி நுரையீரலைத் துளைத்ததுண்டு. ஊசியை மறுபடி பயன்படுத்தியதால் ஈரலழற்சி பரவியதுண்டு. உறை பிரிக்கப்படாத ஊசியை நோயாளர் கேட்டுப் பெறவேண்டும். மூலிகையில் ஆபத்து அதிகம். 1990களின் தொடக்கத்திலே பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கென வழங்கப்பட்ட சீன மூலிகைக் கலவையில், ‘பாங்ஜி’ என்னும் பெயரொற்றுமையால் அரிஸ்ரலோக்கியா இனத்து வேர் மாறிப் புகுந்து, நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகங்களை அழித்தது. சிலர்க்குப் பின்னர் புற்றுநோயும் கண்டது. ‘இயற்கையானது’ என்ற விளம்பரத்தை நம்புவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். வேறு மாத்திரைகள் உட்கொள்வோர் அதனை வைத்தியரிடம் மறைத்தலும் கூடாது.

1979 ஜூனிலே பீஜிங்கில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய கருத்தரங்கின் பின் அக்குபங்சர்க்கு ஏற்றனவெனக் கருதப்பட்ட 43 நோய்களின் பட்டியலொன்று வெளியாயிற்று. அது வைத்திய அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டதேயன்றிக் கட்டுப்படுத்தப்பட்ட பரிசோதனைகளால் நிறுவப்பட்டதன்று என்ற எச்சரிக்கையும் அதனோடு இருந்தது. உலகெங்கும் விளம்பரப் பலகைகளுக்கு ஏறியது பட்டியல் மாத்திரமே. இலங்கையிலும் இச்சிகிச்சை அக்காலத்திலேயே வேரூன்றியது. களுபோவில அரசினர் வைத்தியசாலையிலே அன்ரன் ஜயசூரியவிடம் வெளிநாட்டார் பலர் வந்து பயின்றனர். நமது சுதேச மருத்துவமும் சட்டத்தின் வழியே ஒருமை பெற்ற வரலாறுடையது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த, யூனானி, தேசிய வைத்திய முறைகள் யாவற்றையும் ‘ஆயுர்வேதம்’ என்னும் ஒரு சொல்லுள் அடக்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சித்த மருத்துவக் கல்வி 1984இல் தொடங்கியது. கல்லூரிப் பாடமாகும்போது ஏட்டு மருத்துவத்திலே எது நின்றது, எது கழிந்தது என்பதை ஆராய்வார் இங்கும் வேண்டும்.

பழைய ஏட்டிலிருந்து பயன் பெறும் மற்றொரு வழியைத் தூ யூயூவின் பணி காட்டுகின்றது. வியட்நாம் போர்க்காலத்திலே, 1967 மே 23இல் தொடங்கப்பட்டமையால் ‘523’ எனப்பட்ட இரகசிய மலேரியா ஆய்விலே அவர் பங்குகொண்டார். பணிபுரிந்தது 1955இல் நிறுவப்பட்ட அதே கழகத்தில். மூலிகைச் சாறுகள் பல பயனளியாத நிலையில், கி.பி. நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய அவசர சிகிச்சை நூலை அவர் மறுபடி படித்தார். ‘சிங்ஹாவோ’ என்னும் பூண்டினை நீரில் ஊறவைத்துப் பிழிந்து அருந்துக என்று அதிலே இருந்தது. காய்ச்சுக என்று இல்லை. வெப்பமே மருந்தை அழிக்கின்றதோ என ஐயுற்று, தாழ்ந்த வெப்பநிலையில் ஈதர் கொண்டு சாறெடுத்தார். அவ்வரிசையில் 191ஆம் இலக்கச் சாறு சோதனை விலங்குகளின் மலேரியாவை முற்றாக அடக்கியது. அதனைத் தாமே உட்கொண்டு நச்சுத்தன்மை சோதித்த பின்னரே அவர் நோயாளர்க்குக் கொடுத்தார். சி, யின்-யாங், ஐம்பூதம் என்பவற்றுள் எதுவும் அம்மருந்து வேலைசெய்யத் தேவைப்படவில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 2015இல். 191ஆம் சாறு வெற்றிபெற்றது 1971 ஒக்ரோபரில், பீஜிங்கில். ரெஸ்ரனின் முழங்கையில் ஏறிய ஊசிகளைப் பற்றி உலகம் வியந்து பேசிக்கொண்டிருந்த அதே மாதங்களில். 1977இல் அம்மருந்தின் வேதியியல் அமைப்பை அறிவித்த முதற் கட்டுரை கூட்டுக்குழுவின் பெயரிலேயே வெளிவந்தது. தனி ஆய்வாளர் எவருடைய பெயரும் அதில் இல்லை.